கூடல்வாய்

ஒரு சொல்லின் பொருள் தெரியாமற் போனதனால் ஒரு வீட்டுச் சுவர் ஏறக்குறைய இடிந்து விழ இருந்தது. அந்தச் சங்கதியை இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். சொல்லாராய்ச்சி என்றாலே வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கும் நண்பர்கள் சிலர் நமக்கு உண்டு. அவர்கள் இதைச் சற்றுப் பொறுமையுடன் படிக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

கும்பகோணத்துக்குத் தெற்கே, அரசலாற்றங்கரையில் ஒரு கிராமம். அங்கே கிழக்குப் பார்த்த ஒரு பழைய ஓட்டு வீடு. வாசலில் திண்ணை, அப்பால் ரேழி, அதற்கப்பால் நாற்புறமும் தாழ்வாரம் சூழ்ந்த முற்றம், பிறகு கூடம், சமையலறை, கொல்லை என்று தஞ்சை ஜில்லாவுக்கே உரிய லக்ஷணங்களெல்லாம் அமைந்த வீடு. சுமார் நாற்பது வருஷங்களுக்கு முன் சகோதரர் இருவர் அதைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். முற்றத்தின் நடுவே ஒரு சுவர் எழுந்தது. தென் பாகம் தமையனுக்கு. வட பாகம் தம்பிக்கு. இப்போது சகோதரர் இருவரும் இல்லை. தென் பாகத்தில் தமையனுடைய மனைவி, எண்பது வயதைக் கடந்த மூதாட்டி, தனியாக வசிக்கிறார். வட பாகத்துக்கு உரியவரான தம்பி மகன் சென்னையில் உத்தியோகம் பார்ப்பவர். அவர் தம் பாகத்தை இடித்துவிட்டு மாடி வீடு கட்டத் தொடங்கினார்.

முற்றத்து ஜலமெல்லாம் பழைய நாளிலிருந்து ஒரு ஜலதாரை வழியாக வட பாகத்தின் கொல்லையிற் போய் விழுந்துகொண்டிருந்தது. புது வீட்டின் அஸ்திவாரம் அந்த ஜலதாரையை அடைத்துவிட்டது. ஐப்பசி மாதத்து முதல் பெருமழையில் மூதாட்டியின் பாதி முற்றம் குளமாயிற்று. தண்ணீர் தாழ்வாரத்தில் ஏறி மண்சுவரில் ஊறத் தொடங்கிற்று.

பாகப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தார்கள். கூடல்வாய்த் தண்ணீர் முன்போலவே வட பாகத்துக் கொல்லை வழியாகப் போகவேண்டும் என்று அதிற் கண்டிருந்தது. ஆனால், தம்பி மகனோ அந்தச் சொல்லைக் கேட்டறியாதவர். "பெரியம்மா, கூடல்வாய் என்றால் கூடத்து வாயில். கூடத்து வாயிலைக் கழுவிவிடும் ஜலத்தைப் பற்றித்தான் இதிலே எழுதியிருக்கிறது. அந்த வாயிலே இப்போது இல்லை. அப்புறம் ஜலம் ஏது?" என்றார். அவர் மனமறிந்து பொய் சொல்லவில்லை. மெய்யாகவே அப்படித்தான் நம்பினார். மூதாட்டி, "நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து கூடல்வாய்க்கு நேரே அண்டா வைத்தவளடா, அப்பா! எனக்கா சொல்லித் தருகிறாய்?" என்றார். இரு தரப்பிலும் வக்கீல் வீட்டுக்குப் போகும் யோசனை எழுந்தது. நல்ல வேளையாக, அதற்கு முன் நமக்கு ஒரு கடிதம் வந்தது.

கூடல்வாய் என்பது என்ன? நகரங்களிலே மொட்டை மாடியின் கீழ்ப் பிறந்து வளர்ந்த இளைஞர்களுக்கு இதை விவரித்தே ஆகவேண்டும். முற்றத்து வீட்டில் கூரைகள் நான்கு புறத்திலிருந்தும் உள்நோக்கிச் சரிந்து வருகின்றன. கிழக்குக் கூரையும் தெற்குக் கூரையும் ஒரு மூலையிற் சந்திக்கின்றன. தெற்கும் மேற்கும் மற்றொரு மூலையில். இப்படி நான்கு மூலைகள். இரண்டு சரிவுகள் இவ்விதம் கூடுமிடத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரு பள்ளமான கோடு உண்டாகிறது. இரு பக்கத்து மழையும் அந்தப் பள்ளத்திலே வந்து சேர்ந்து, அதன் நுனியிலிருந்து முற்றத்தில் விழுகிறது. அதுதான் கூடல்வாய். அந்தப் பள்ளத்தில் பதித்த ஓட்டுக்கும், தகரத்துக்கும், அதன் நுனியில் நீட்டிய தூம்புக்குங்கூட அப்பெயரே ஆகிவருவது உண்டு.

வீட்டில் ஒழுக்கு என்று ஒன்று வருமானால் முதலில் வருவது அங்கேதான். ஏன் என்பதை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால், அது ஒரு லிட்டர் தண்ணீர். முற்றம் 4 மீட்டர் சதுரம் என்றும், அதைச் சூழ்ந்த சரிவின் அகலம் 3 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். மழை 50 மில்லிமீட்டர். ஒவ்வொரு பக்கத்துச் சரிவும் 12 சதுர மீட்டர். அதில் விழும் 600 லிட்டரும் 4 மீட்டர் நீளமுள்ள இறவாணம் முழுவதிலும் பரவிச் சொட்டுகிறது. மீட்டருக்கு 150 லிட்டர்தான். ஆனால், மூலையிலுள்ள 9 சதுர மீட்டர் கூரையின் தண்ணீர் 450 லிட்டரும் கூடல்வாயின் ஒரே நுனியில் வந்து கொட்டுகிறது! நான்கு மூலைக்கும் சேர்த்து 1,800 லிட்டர். பெரியம்மா அங்கே அண்டா வைத்ததன் ரகசியம் இப்போது விளங்குகிறதல்லவா?

அந்த நாளில் மழை தொடங்கியதும் பாத்திரத்தை வைத்துவிட மாட்டார்கள். முதல் மழை ஓட்டிலுள்ள தூசியையும் சருகையும் காக்கை எச்சத்தையும் கழுவிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். பிறகுதான் அண்டாவும் தவலையும் முற்றத்துக்கு வரும். அண்டாவின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டித் தண்ணீர் பிடிப்பார்கள். உப்புக் கலந்த கிணற்று நீரில் வேக மறுக்கும் பருப்பு, இந்த நீரில் மலர்ந்து வெந்துவிடும். குழந்தைகளுக்கோ கூடல்வாயே குற்றாலம்.

இனி, சொல்லைப் பார்ப்போம். கூடுதல் என்ற வினையிலிருந்து வந்தது கூடல். இரண்டு வந்து ஒன்றாகச் சேருமிடம் எதுவும் கூடல்தான். காவேரியும் பவானியும் சேருமிடம் கூடுதுறை. பொருநைக் கரையில் முக்கூடல் என்றே ஓர் ஊர் இருக்கிறது. மதுரைக்குக் கூடல் என்றும் நான்மாடக்கூடல் என்றும் பெயருண்டு. அந்தப் பெயருக்குத் திருவிளையாடற் கதை சொல்லும் காரணம் நம் விஷயத்துக்கு வெகு அருகில் வருகிறது. மதுரையை அழிக்க வருணன் மேகங்களை ஏவினான். இறைவன் தன் சடையிலிருந்து நான்கு மேகங்களை விடுத்தான். அவை நான்கு மாடங்களாகி ஊரின்மேல் கூடி நின்று மழையைத் தடுத்தன என்பது கதை. நான்கு கூரை கூடிய இடம் கூடல்! வீட்டு முற்றத்தைப் பார்த்துத்தான் இந்தக் கதை பிறந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும், கூடல் என்ற சொல்லைக் கேட்டவுடன் மழையும் கூரையும் நினைவுக்கு வருவது தமிழர்களுக்குப் புதிதன்று.

வாய் என்பதற்கு முகத்திலுள்ள வாய் என்ற பொருளோடு, திறப்பு, வழி, இடம் என்ற பொருள்களும் உண்டு. மடைவாய், வாய்க்கால், கால்வாய், வாய்த்தலை ஆகியவை எல்லாம் இந்த வாயைக் கொண்டு பிறந்தவை. தண்ணீர் போகும் திறப்புக்கு வாய் என்று பெயரிடுவது நெல் விளையும் நாட்டின் இயல்பு. ஆகவே, சரிவுகள் கூடுமிடத்தில் தண்ணீர் வெளிப்படும் திறப்பு கூடல்வாய் ஆயிற்று. கூடுவாய் என்று சொல்வாரும் உளர்.

சென்னை நண்பரின் அபிப்பிராயத்தையும் நாம் அலட்சியம் செய்துவிடலாகாது. கூடத்தை அடுத்த முற்றத்தில் இருப்பதால் அது கூடத்தின் வாய் என்று கருதுவோர் அவர் ஒருவர் மட்டுமல்லர். வாய்க்கும் வாயிலுக்கும் உறவு இருப்பதும் உண்மையே. இல்வாய் என்பதே முன்பின்னாகி வாயில் ஆயிற்று என்று இலக்கணக்காரர்கள் காட்டுவார்கள். ஆனால், கூடம் என்ற சொல்லோடு வாய் சேர்ந்தால் கூடத்து வாய் என்றோ கூடவாய் என்றோ வரவேண்டுமேயன்றி, நடுவில் ஒரு லகரம் முளைக்க வழியில்லை. இரண்டாவதாக, கூடுவாய் என்ற வடிவம் கூடு என்ற வினையையே நேராகக் காட்டுகிறது. மூன்றாவது காரணம் எல்லாவற்றிலும் பலமானது. கூடமே இல்லாத மாட்டுக் கொட்டகையிலும், இரண்டு கூரை கோணலாகச் சந்தித்தால், அங்கே கூடல்வாய் உண்டு. எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் இதைச் சொல்லுவார்.

காவேரிப் படுகையில் இந்தச் சொல்லுக்குத் தனியான ஓர் அழகு இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. இது ஆறுகள் பிரியும் நாடு. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது. 1934-ஆம் ஆண்டிலிருந்து கல்லணைக் கால்வாயும் அங்கிருந்தே போகிறது. பிறகு குடமுருட்டி, அரசலாறு என்று காவேரி தன்னைப் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டே போய், பூம்புகாரில் ஒரு சிறு ஓடையாகக் கடலைச் சேர்கிறாள். வயலுக்கு வரும் நீர் பிரிந்து பிரிந்துதான் வருகிறது. வீட்டுக்கு வரும் வானத்து நீர் மட்டும் கூடி வருகிறது. கழனியிலே மடையும் மதகும் வடிகாலும் பார்த்துப் பழகிய குடியானவன், தன் கூரையையும் அந்தக் கண்ணாலேயே பார்த்தான்.

கூரையைப் பற்றிய மற்றச் சொற்களும் லேசானவை அல்ல. கூரையின் கீழ்நுனியைத் தஞ்சைப் பக்கத்தில் இறவாணம் என்கிறோம். பேச்சில் எறவாணம் ஆகிவிடும். அரிவாள், விசிறி, பழைய கடிதம், பஞ்சாங்கம் எல்லாவற்றையும் செருகி வைக்கும் இடம் அதுதான். இறவாரம் என்பதும் அதுவே. இதில் வரும் வாரத்துக்குச் சரிவு என்று பொருள். மலையின் அடிவாரத்திலும் வீட்டின் தாழ்வாரத்திலும் அதே வாரம் இருக்கிறது. சங்க நூல்களில் இறை என்ற சொல் கூரையின் இறப்பைக் குறிக்கும். குறுந்தொகையின் 46-ஆம் பாட்டில், வீட்டில் வாழும் குருவி தன் குஞ்சுகளோடு தங்குமிடம் அந்த இறைதான். இன்றைக்கும் இறவாணத்தைக் குருவிகள் விட்டுக்கொடுக்கவில்லை. ஓட்டு வீடுகள் போனால் அவை எங்கே போகும் என்பது வேறு கேள்வி.

கூரை நீரை ஏந்தி விடும் தொட்டிக்கும் தூம்புக்கும் நம் முன்னோர் வைத்திருந்த பெயர் இன்னும் ரஸமானது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் ஓர் அரண்மனையை வர்ணிக்கிறார். அதன் வெண்மையான முற்றத்திலே மகர மீனைப் போல் வாய் பிளந்த தூம்புகள் நிரம்பி, நீர் அருவியாக விழுகிறது. அந்தத் தூம்புக்கு அவர் சொல்லும் பெயர் அம்பணம். இதே சொல் சிலப்பதிகாரத்தில், மதுரைக் கூலக் கடைத்தெருவிலே தானியம் அளக்கும் கருவிக்குப் பெயராக வருகிறது. நீரை ஏந்தினாலும் நெல்லை ஏந்தினாலும் குடைவான பாத்திரம் அம்பணம்தான் போலும்! பத்துப்பாட்டை 1889-ஆம் ஆண்டில் அச்சிட்டு நமக்கு அளித்தவர் மகாமகோபாத்தியாய சாமிநாதையர். அவர் அப்போது கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியர். ஐப்பசி கார்த்திகையில் கூடல்வாய் கொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் அந்தச் சுவடிகளை அவர் பரிசோதித்திருப்பார் என்று நினைக்க நமக்கு ஆசையாயிருக்கிறது.

யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் கூரைத் தூம்பைப் பீலி என்பார்கள். மலையாளத்தில் அது பாத்தி. நம் நகரவாசிகள் கட்டர் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த இங்கிலீஷ் சொல்லுக்கும் ஒரு பூர்விகம் உண்டு. லத்தீனில் குட்டா என்றால் துளி. அதுவே பிரெஞ்சு வழியாக வந்து கட்டர் ஆயிற்று. மழை பற்றிய சொல்லில் ரோமருக்குத் துளி பட்டது. நமக்குக் கூட்டம் பட்டது. ரோமருடைய வீடும் நம் வீட்டுக்குத் தூரத்து உறவுதான். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயி நகரத்தைத் தோண்டியபோது, நடுவே வானம் தெரியும்படி நாற்புறமும் உட்சரிந்த கூரையோடும், அதன்கீழ் மழை நீர் விழும் இம்ப்ளூவியம் என்னும் தொட்டியோடும் அமைந்த வீடுகள் வெளிப்பட்டன. ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்ததாகச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலையும் மழையையும் வீட்டுக்குள்ளே அளவாக அழைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஒரே யுக்தி தோன்றியிருக்கிறது.

அந்த ரோமர்கள் சட்டத்திலும் கெட்டிக்காரர்கள். தன் கூரை நீரை அடுத்தவன் நிலத்தில் விழவிடும் பாத்தியதைக்கு ஸ்டில்லிசிடியும் என்று ஒரு தனிப் பெயரே வைத்திருந்தார்கள். துளி விழுதல் என்பதே அதன் அர்த்தம். நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமும் இத்தகைய பாத்தியதைகளை ஒப்புக்கொள்கிறது. தகராறில்லாமல், ஒளிவுமறைவில்லாமல், இடைவிடாமல் உரிமையோடு 20 வருஷம் அனுபவித்து வந்தால் அந்தப் பாத்தியதை நிலைபெறும். பத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் அவ்வளவு காலம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. மூதாட்டிக்கு இரண்டும் இருந்தன. ஆனால், எழுதிய சொல்லைப் படிக்கத் தெரிந்தவர் இருந்தாலல்லவோ எழுத்து உதவும்?

நாம் அந்த வீட்டுக்குப் போனபோது மழை விட்டிருந்தது. சென்னை நண்பரும் வந்திருந்தார். மேலே எழுதிய பிரசங்கத்தில் பாதியை அவரிடம் செய்து பார்த்தோம். மரியாதையாகக் கேட்டுக்கொண்டாரேயொழிய, அவர் முகத்தில் சந்தேகம் தெளியவில்லை. அங்கே வேலை செய்துகொண்டிருந்த வயதான கொத்தனாரைக் கூப்பிட்டு, "கூடல்வாய் எங்கே இருக்கிறது, ஐயா?" என்று கேட்டோம். அவர் நம்மை வேடிக்கையாகப் பார்த்துவிட்டு, கையிலிருந்த கரண்டியை உயர்த்தி, மூதாட்டியின் முற்றத்துக்கு மேலே இரண்டு கூரைகள் கூடும் மூலையைக் காட்டினார். அதன் தகரம் துருவேறியிருந்தது. நுனியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே பெரியம்மாவின் அண்டா. நண்பர் சற்று நேரம் அந்தத் துளிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, ஊறிக் கறுத்திருந்த மண்சுவரின்மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"பெரியம்மா, எனக்கு இது தெரியாமற் போய்விட்டது" என்றார்.

"தெரியாததற்கு என்னடா தோஷம்? உன் அப்பன் இந்த மூலையில்தான் நின்று குளிப்பான். உனக்குச் சொல்லாமலே போய்விட்டான்" என்றார் மூதாட்டி.

பிறகு காரியங்கள் எளிதாக நடந்தன. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீரைச் சேகரிக்க ஏற்பாடு இருக்கவேண்டும் என்பது சட்டம். ஆகவே, நண்பரின் புது வீட்டுத் திட்டத்திலும் கொல்லையில் ஒரு குழி உண்டு. பெரியம்மாவின் முற்றத்து நீரைக் குழாய் மூலம் அந்தக் குழிக்கே கொண்டுபோய் விடுவதென்று கொத்தனார் யோசனை சொன்னார். பழைய வீட்டுத் தண்ணீரும் புது வீட்டுத் தண்ணீரும் அங்கே சேர்ந்து பூமிக்குள் இறங்கும். சொல்லப்போனால், அதுவும் ஒரு கூடல்வாய்தான்.

பழைய ஓட்டு வீடுகளெல்லாம் அப்படியே நிற்கவேண்டும் என்று வாதிக்க நாம் வரவில்லை. ஆண்டுதோறும் ஓடு மாற்றும் சிரமத்தை அறியாதவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள். 2018-ஆம் வருஷத்துக் கஜா புயலில் ஓட்டையும் கீற்றையும் பறிகொடுத்தவர்களிடம் அந்தப் பேச்சு எடுபடவும் எடுபடாது. வீட்டை மாற்றிக் கட்டலாம். ஆனால், அதற்குமுன் அந்த வீட்டின் சொற்களைப் பெரியவர்களிடம் ஒரு முறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்திலும், பாத்தியதையிலும், தண்ணீர் போகும் வழியிலும் அவை இன்னும் உயிரோடிருக்கின்றன.

புறப்படுமுன், ஜலதாரைக்குப் பதிலாகக் குழாய் போடுவதைப் பற்றிப் பெரியம்மாவுக்கும் மகனுக்கும் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். நண்பர் தம் கையாலேயே எழுதிப் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினார். மூதாட்டி கவனமாகக் கேட்டார். கூடல்வாய் என்ற சொல் வந்தபோது கையை அமர்த்தி நிறுத்தினார்.

"அதற்கு அர்த்தத்தையும் பக்கத்திலேயே எழுதிவிடு, அப்பா. உன் பிள்ளை படிக்கிறபோது நான் இருக்கமாட்டேன்" என்றார்.

நண்பர் மறுபேச்சில்லாமல் எழுதினார்.